ஒரே விண்ணப்பம், பல கொடையாளர்: கோடை நிகழ்ச்சிகளுக்குக் கூட்டு நிதி

அமெரிக்காவில் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஏறத்தாழ பத்து வாரம். மே மாதக் கடைசியிலோ ஜூன் நடுவிலோ மூடும் பள்ளி, ஆகஸ்டிலோ செப்டம்பர் முதல் வாரத்திலோதான் திறக்கும். அந்தப் பத்து வாரமும் பெற்றோருக்கு வேலை உண்டு; பிள்ளைகளுக்குப் பள்ளி கிடையாது, பள்ளியில் கிடைத்த மதிய உணவும் கிடையாது. வசதியுள்ள குடும்பங்கள் நீச்சல், இசை, கணினி, மலையேற்றம் என்று பணம் கட்டிப் பிள்ளைகளை முகாம்களுக்கு அனுப்பிவிடுகின்றன. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குத் துணை நிற்பவை தேவாலயக் கூடங்களிலும் நூலகங்களிலும் பூங்காக்களிலும் சமுதாயக் கூடங்களிலும் நடக்கும் கோடைகால நிகழ்ச்சிகள். இவற்றில் பல இலவசம். மற்றவற்றில் பெயருக்கு ஒரு கட்டணம். ஆகவே செலவை வேறு யாராவது ஏற்க வேண்டும். பல கொடையாளர்கள் ஒன்றுகூடி அந்தச் செலவைப் பகிர்ந்துகொள்வதற்கான ஏற்பாடே கூட்டு நிதி.

இந்த ஏற்பாடு இல்லாத ஊரில் ஒரு சிறிய சங்கம் படும் பாட்டைப் பார்த்தால் இதன் அருமை புரியும். ஓர் அறக்கட்டளை ஐந்து பக்க விளக்கம் கேட்கும்; இன்னொன்று பதினைந்து பக்கம் கேட்கும். ஒன்றுக்குக் கடைசி நாள் டிசம்பர், மற்றொன்றுக்கு மார்ச். வரவுசெலவுக் கணக்கை ஆளுக்கொரு படிவத்தில் நிரப்ப வேண்டும். நிகழ்ச்சி முடிந்த பிறகு அறிக்கைகளும் அப்படியே தனித்தனி. மானியம் எழுதுவதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் இதைச் சமாளித்துவிடும். நாற்பது பிள்ளைகளை வைத்து நடத்தும் சங்கத்தில் விண்ணப்பம் எழுதுபவரும், பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றுபவரும், கணக்கு எழுதுபவரும் பெரும்பாலும் ஒருவரே. அவர் ஐந்து விண்ணப்பம் எழுதும் நேரம் முழுவதும் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய நேரம்.

இண்டியானா மாநிலத்தின் தலைநகரான இண்டியானாபொலிஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்நகரம் அமைந்துள்ள மேரியன் கவுண்டியில் ‘சம்மர் யூத் புரோகிராம் ஃபண்ட்’ என்ற கூட்டு நிதி 1995இல் தொடங்கியது. கோடையில் பிள்ளைகளுக்காக நிகழ்ச்சி நடத்தும் லாபநோக்கற்ற அமைப்புகள் ஒரே ஒரு விண்ணப்பம் அனுப்பினால் போதும். பங்காளிகளான கொடையாளர்கள் அனைவரும் அதையே படிப்பார்கள். அந்தப் பங்காளிகள் ஒரே வகையினர் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது. லில்லி என்டோமென்ட் என்பது மருந்து நிறுவனம் நடத்திய லில்லி குடும்பம் தன் பங்குகளைக் கொடுத்து 1937இல் நிறுவிய மிகப் பெரிய அறக்கட்டளை. இண்டியானாபொலிஸ் பவுண்டேஷன் 1916இல் பிறந்த ஊர்ப் பொது அறக்கட்டளை; ஊர்மக்கள் பலரும் கொடுத்த பணமும் எழுதிவைத்த சொத்துகளும் சேர்ந்து வளர்ந்தது. நினா மேசன் புல்லியம் அறக்கட்டளை, பத்திரிகை அதிபராக இருந்த ஒரு பெண்மணி 1997இல் மறைந்தபோது விட்டுச்சென்ற செல்வத்தால் உருவானது. எளியோருக்கு உதவுவது, இயற்கையையும் விலங்குகளையும் காப்பது, ஊர் வாழ்வை வளமாக்குவது ஆகியவை அதன் நோக்கங்கள். ஒரு குடும்பத்தின் பணம், ஓர் ஊரின் பணம், ஒரு தனிமனிதரின் உயில் என மூன்று வெவ்வேறு வழிகளில் வந்த செல்வம் ஒரே படிவத்தின் முன் அமர்கிறது.

கூட்டு நிதிகள் பொதுவாக இரண்டு விதமாக நடக்கின்றன. ஒரு விதத்தில் கொடையாளர்கள் எல்லோரும் பணத்தை ஒரே கணக்கில் போட்டுவிடுவார்கள். ஒரு குழு கூடி அதிலிருந்து யாருக்கு எவ்வளவு என்று முடிவுசெய்யும். இன்னொரு விதத்தில் பணம் அவரவர் கையிலேயே இருக்கும். விண்ணப்பப் படிவமும் கடைசி நாளும் மட்டும் பொது. எல்லோரும் படித்து, கலந்து பேசி, இந்த முகாமை நாம் எடுத்துக்கொள்கிறோம், அதற்கு நீங்கள் கொடுங்கள் என்று பகிர்ந்துகொள்வார்கள். விண்ணப்பிப்பவர் தம் ஊரில் நடப்பது எந்த வகை என்று முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. முதல் வகையில் ஒரு குழுவின் மனத்தைக் கவர்ந்தால் போதும். இரண்டாம் வகையில் வெவ்வேறு நோக்கமுள்ள பல வாசகர்களுக்கு ஒரே எழுத்து நிறைவு தர வேண்டும்; ஒரே முகாமுக்கு இரண்டு கொடையாளர்கள் பணம் தருவதும் உண்டு.

தகுதி

எந்தக் கூட்டு நிதியாக இருந்தாலும் முதலில் கேட்கப்படுவது வரிவிலக்குச் சான்று. அமெரிக்க வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவின்கீழ் அறப்பணி அமைப்பாக அங்கீகரித்து ஐ.ஆர்.எஸ். எனப்படும் வரித்துறை கொடுத்த கடிதம் கையில் இருக்க வேண்டும். சிறிய அமைப்புகள் சறுக்கும் இடம் இதுதான். ஆண்டு வரவு 50,000 டாலருக்குள் இருக்கும் அமைப்புகள் பெரிய கணக்கு எதுவும் காட்ட வேண்டியதில்லை. ‘990-என்’ என்ற சிறு மின்படிவத்தை ஆண்டுக்கொருமுறை அனுப்பினால் போதும். சில நிமிடத்தில் முடியும் வேலை. ஆனால் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அதை அனுப்பாமல் விட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும். பொறுப்பாளர்கள் மாறும்போது இந்த வேலை யாருடையது என்று தெரியாமல் போய், விண்ணப்பிக்கும் நேரத்தில்தான் விலக்கு போன செய்தியே தெரியவரும். ஆகவே கோடைக்கு விண்ணப்பிக்க நினைக்கும் எந்த அமைப்பும் வரித்துறையின் பொதுப் பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று இலையுதிர் காலத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

வரிவிலக்கு இல்லாத குழுவுக்கும் வழி உண்டு. ஏற்கெனவே விலக்குப் பெற்ற ஓர் அமைப்பு அந்தக் குழுவைத் தன் குடைக்கீழ் எடுத்துக்கொண்டு பணத்தைப் பெற்று, கணக்கு வைத்து, பொறுப்பேற்கலாம். இதற்கு அந்த அமைப்பு மானியத்தில் ஒரு பங்கை, பொதுவாக 5 முதல் 10 சதவீதம் வரை, எடுத்துக்கொள்ளும். இருவருக்கும் இடையே எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது. நிர்வாகக் குழு உறுப்பினர் பட்டியல், சென்ற ஆண்டின் நிதிநிலை அறிக்கை, பிள்ளைகளின் பாதுகாப்புக் கொள்கை, இடம் தரும் பள்ளி அல்லது தேவாலயத்தின் கடிதம் ஆகியவையும் இணைப்பில் கேட்கப்படும்.

தேவையைச் சொல்வது

இந்த நிகழ்ச்சி ஏன் தேவை என்ற கேள்விக்குப் பெரும்பாலான விண்ணப்பங்கள் ஒரே பதிலைத் தருகின்றன: கோடையில் ஏழைப் பிள்ளைகள் படித்ததை மறந்துவிடுகிறார்கள். இதற்குப் பின்னால் நெடிய ஆய்வு வரலாறு இருக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் அலெக்சாண்டர், டோரிஸ் என்ட்விசில் ஆகியோர் பால்டிமோர் நகரில் 1982இல் முதல் வகுப்பில் சேர்ந்த 790 பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழைப் பிள்ளைகளும் வசதியான பிள்ளைகளும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் முன்னேறினார்கள், கோடைகளில்தான் இடைவெளி விரிந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. கோடை நிகழ்ச்சிகளுக்குப் பணம் கேட்ட ஒரு தலைமுறையே இந்த முடிவின்மேல் நின்று பேசியது. ஆனால் பால் வான் ஹிப்பெல் என்ற ஆய்வாளர் பிற்காலத் தேர்வுகளின் தரவுகளை வைத்து 2019இல் மறுபடி பார்த்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. இடைவெளியின் பெரும்பகுதி பள்ளியில் சேர்வதற்கு முன்பே உருவாகிவிடுவதாகத் தெரிந்தது. எனவே பழைய ஆய்வு ஒன்றை மட்டும் காட்டி ஊரையே மீட்கப் போவதாக எழுதுவது இன்று எடுபடாது. மானியக் குழுவில் உட்காருபவர்கள் இந்த விவாதத்தை அறிந்தவர்கள்.

அவர்களைத் தொடுவது ஊரைப் பற்றிய நேரடிச் செய்தி. இந்த வட்டாரத்தில் தொடக்கப் பள்ளிகள் எத்தனை, நடந்துபோகும் தூரத்தில் கோடை நிகழ்ச்சி ஏதாவது இருக்கிறதா, அருகிலுள்ள பூங்காவின் நீச்சல் குளம் திறந்திருக்கிறதா, சென்ற ஆண்டு இடமில்லை என்று எத்தனை குடும்பங்களைத் திருப்பி அனுப்பினோம் என்பவை அந்தச் சங்கத்துக்கு மட்டுமே தெரிந்த விவரங்கள். காத்திருப்போர் பட்டியலில் இருந்த இருபத்தைந்து பெயர்களைக் காட்டும் ஒரு வரி, நாடு தழுவிய புள்ளிவிவரம் நிறைந்த ஒரு பக்கத்தைவிடக் கனமானது.

வருகையைப் பற்றிய பகுதி இன்னும் முக்கியம். வாலஸ் பவுண்டேஷன் உதவியுடன் ராண்ட் நிறுவனம் பாஸ்டன், டல்லஸ், பிட்ஸ்பர்க், ராசெஸ்டர், புளோரிடாவின் டுவால் கவுண்டி ஆகிய ஐந்து இடங்களில் இலவசக் கோடை வகுப்புகளை 2013லும் 2014லும் ஆராய்ந்தது. மூன்றாம் வகுப்பு முடித்த ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அதில் இருந்தார்கள். இடம் கிடைத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முதல் கோடையில் ஒருநாள்கூட வரவில்லை. இருபது நாளோ அதற்கு மேலோ வந்தவர்கள் பாதிப் பேர்தான். கணக்குப் பாடத்தில் கூடுதலான பலன் தெரிந்தது அவர்களிடம்தான். பதிவு செய்தவர்களின் எண்ணிக்கையை மட்டும் சொல்லும் விண்ணப்பத்தை அனுபவமுள்ள குழு ஏன் சந்தேகத்தோடு பார்க்கிறது என்பதற்கு இதுவே காரணம். நாற்பது பேர் பதிவு என்பது வேறு, நாள்தோறும் முப்பத்திரண்டு பேர் வந்தார்கள் என்பது வேறு. இரண்டாவது எண்ணைச் சொல்பவரிடம் வருகைப் பதிவேடு ஒழுங்காக இருக்கிறது என்பது தானே தெரிந்துவிடும். வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்றே தொலைபேசியில் பேசுவது, பேருந்து ஏற்பாடு, அக்கா தம்பி இருவரையும் ஒரே இடத்தில் சேர்த்துக்கொள்வது போன்ற ஏற்பாடுகளை எழுதினால் அந்த எண் நம்பத்தக்கதாகிறது.

ஆள், இடம், பாதுகாப்பு

எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பெரியவர்கள் என்பது கொடையாளர்கள் மறக்காமல் பார்க்கும் இன்னொரு விஷயம். அமெரிக்க முகாம் சங்கத்தின் அளவுகோல் இதற்குப் பரவலாகப் பின்பற்றப்படுகிறது. பகல்நேர முகாமில் 6 முதல் 8 வயதுவரை எட்டுப் பிள்ளைகளுக்கு ஒருவர், 9 முதல் 14 வரை பத்துப் பேருக்கு ஒருவர், 15 முதல் 18 வரை பன்னிரண்டு பேருக்கு ஒருவர். இரவு தங்கும் முகாமென்றால் இன்னும் கூடுதல் ஆட்கள் வேண்டும். ஊழியர், தொண்டர் எல்லோருக்கும் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு, ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது என்ற விதி, முதலுதவிப் பயிற்சி, வீட்டுக்கு யாரோடு அனுப்பலாம் என்ற கையெழுத்துப் பட்டியல் ஆகியவை இல்லாத விண்ணப்பம் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் ஒதுக்கப்பட வேண்டியதே. இதில் சலுகை காட்டும் கொடையாளர் தவறு செய்கிறார்.

கணக்கு

விண்ணப்பத்தின் உயிர் வரவுசெலவுக் கணக்கில் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்க்கலாம். பத்து வயதையொட்டிய 40 பிள்ளைகள், ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள். ஆக 30 நாள். பத்துப் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் நான்கு வழிகாட்டிகள். மணிக்கு 15 டாலர், நாளுக்கு ஏழு மணி என்றால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 105 டாலர். நான்கு பேருக்கு 30 நாளுக்கு 12,600. முகாம் தொடங்குமுன் மூன்று நாள் பயிற்சிக்கு 1,260. ஒருங்கிணைப்பாளருக்கு எட்டு வாரத்துக்கு வாரம் 800 வீதம் 6,400. சம்பளம் மட்டும் 20,260 ஆயிற்று. இதன்மேல் சமூகப் பாதுகாப்பு, மருத்துவக் காப்பு வரிகளுக்கு முதலாளி கட்ட வேண்டிய 7.65 சதவீதம், அதாவது ஏறத்தாழ 1,550. முதல்முறை விண்ணப்பிப்பவர்களில் பலர் மறந்துவிடும் வரி இது. நான்கு சுற்றுலாவுக்குப் பேருந்து வாடகை 2,400, புத்தகம், வண்ணம், விளையாட்டுச் சாமான் பிள்ளைக்கு 50 டாலர் வீதம் 2,000, காப்பீடு 900, ஐந்து பேருக்குப் பின்னணிச் சரிபார்ப்பு 200. மொத்தம் 27,310. மின்சாரம், கணக்காளர், அலுவலகம் போன்ற நிர்வாகச் செலவுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 30,041 டாலர். பிள்ளை ஒன்றுக்கு 751. நாளொன்றுக்குப் பிள்ளைக்கு 25 டாலர்.

இந்தக் கடைசி எண்ணைக் கொடையாளர் கட்டாயம் வகுத்துப் பார்ப்பார். அதனால் விண்ணப்பிப்பவர் முன்னதாகவே வகுத்துப் பார்த்துவிட வேண்டும். நிர்வாகச் செலவைக் காட்டினால் மானியம் குறைந்துவிடும் என்று பயந்து அதைப் பூஜ்யமாகக் காட்டுவது பழைய வழக்கம். அது தன்னையே ஏமாற்றிக்கொள்வது. அமெரிக்க அரசே தன் மானியங்களில் தனி விகிதம் பேசி வைக்காத அமைப்புகளுக்கு இத்தகைய மறைமுகச் செலவுக்காக அனுமதிக்கும் அளவை 2024 அக்டோபரிலிருந்து 10 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்த்தியிருக்கிறது. தனியார் கொடையாளர்கள் அந்த விதிக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர் என்றாலும், விளக்கின் செலவும் கணக்கரின் செலவும் நியாயமானவை என்பது இப்போது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம்.

அடுத்தது வரவுப் பக்கம். மேலே சொன்ன 30,041 டாலரையும் ஒரே கூட்டு நிதியிடம் கேட்பது விவேகமல்ல. கட்டணம் கட்டக்கூடிய பத்துக் குடும்பங்களிடம் நூறு வீதம் 1,000. சங்கமே திரட்டும் 4,041. வேறொரு நன்கொடையாளர் 5,000. கூட்டு நிதியிடம் 20,000 என்று பிரித்துக் காட்டினால், சங்கமும் தோள்கொடுக்கிறது என்பது தெரியும். ஒவ்வொரு தொகையின் அருகிலும் கைக்கு வந்துவிட்டதா, வாக்குறுதி மட்டுமா, இனிமேல்தான் கேட்க வேண்டுமா என்று உண்மையை எழுத வேண்டும். ஊரின் கொடையாளர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்பவர்கள். கூட்டு நிதியில் அவர்கள் ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்; அங்கே ஒரே தொகையை இரண்டு இடத்தில் காட்டினால் அன்றே வெளிப்பட்டுவிடும். தேவாலயம் வாடகையில்லாமல் தந்த கூடமும், ஓய்வுபெற்ற ஆசிரியர் சம்பளமில்லாமல் தரும் நேரமும் பணமில்லா வரவாகத் தனிப் பத்தியில் காட்டப்பட வேண்டியவை. ரொக்கத்தோடு கலக்கக் கூடாது.

கேட்டது முழுவதும் கிடைப்பது அரிது. 20,000 கேட்ட இடத்தில் 12,000 வந்தால் என்ன செய்வது? பத்துப் பிள்ளைகளைக் குறைத்துக்கொள்ளலாம் என்று உடனே தோன்றும். குறைத்துப் பார்க்கலாம். வழிகாட்டிகள் மூவர் போதும். சாமான் செலவும் குறையும். ஆனால் ஒருங்கிணைப்பாளரின் சம்பளமும் பேருந்தும் காப்பீடும் அப்படியே நிற்கும். மொத்தச் செலவு 30,041லிருந்து 25,344 வரைதான் இறங்குகிறது. பிள்ளை ஒன்றுக்கான செலவோ 751லிருந்து 845 ஆக ஏறிவிடுகிறது. பிள்ளைகளில் கால்பங்கைக் கழித்தும் செலவில் ஆறில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. 8,000 டாலர் குறைந்த இடத்தில் 4,697தான் மிச்சம். சுற்றுலா இரண்டை நிறுத்துவதா, ஒரு வாரத்தைக் குறைப்பதா, வேறு கொடையாளரைத் தேடுவதா என்பதை விண்ணப்பம் எழுதும்போதே யோசித்துவைத்த அமைப்புக்கு முடிவு வரும்போது திண்டாட்டம் இல்லை. பகுதித் தொகை கொடுக்கும் பழக்கமுள்ள கொடையாளர்களும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்று தூவுவது நியாயம்போலத் தோன்றும். அதன் விலையை நிகழ்ச்சிக்கு வெளியே நிறுத்தப்பட்ட பத்துப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

மேலே காட்டிய கணக்கில் மதிய உணவு இல்லை. அதற்குத் தனி வழி இருக்கிறது. அமெரிக்க வேளாண்மைத் துறை நடத்தும் கோடைகால உணவுத் திட்டம் 1968இல் சோதனையாகத் தொடங்கி 1975இல் தனித் திட்டமானது. பள்ளியில் இலவச அல்லது சலுகை விலை உணவுக்குத் தகுதியான பிள்ளைகள் பாதியோ அதற்கு மேலோ உள்ள வட்டாரத்தில் திறந்த உணவு மையம் நடத்தலாம். 18 வயதுவரை உள்ள யார் வந்தாலும் சாப்பாடு உண்டு, வீட்டு வருமானத்தைக் கேட்க வேண்டியதில்லை. நடத்தும் அமைப்புக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் இவ்வளவு என்று அரசு பணம் கொடுத்துவிடும். பள்ளி மாவட்டமோ உணவு வங்கியோ ஏற்கெனவே இதை நடத்தினால் அவர்களிடமிருந்தே சாப்பாடு பெறலாம். இந்த வழியைத் தேடிப் பார்க்காமல் உணவுக்கும் தனியார் கொடையைக் கேட்கும் விண்ணப்பம், ஊரில் என்ன கிடைக்கிறது என்று தெரியாத அமைப்பு என்ற எண்ணத்தை உண்டாக்கும்.

பல கண்கள் படிக்கும் எழுத்து

கூட்டு விண்ணப்பத்தில் தனித் திறமை தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. கல்வியில் நாட்டமுள்ள கொடையாளர் வாசிப்பைத் தேடுவார். இயற்கையில் நாட்டமுள்ளவர் பிள்ளைகள் காட்டுக்கும் ஆற்றங்கரைக்கும் போகிறார்களா என்று பார்ப்பார். வேலைவாய்ப்பில் அக்கறையுள்ளவர் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு உதவியாளர் வேலை கிடைக்கிறதா என்று கவனிப்பார். எல்லோரையும் மகிழ்விக்க எண்ணி, நடத்தாத நிகழ்ச்சிகளையெல்லாம் சேர்த்து எழுதினால் விண்ணப்பம் சந்தைக்கடை ஆகிவிடும். உண்மையில் நடக்கும் ஒரு நாளைக் காலையிலிருந்து மாலைவரை வரிசையாக எழுதுவதே சிறந்த வழி. காலை எட்டரைக்குச் சிற்றுண்டி, ஒன்பதரைவரை நூலகப் புத்தகத்தை இருவர் இருவராக உரக்க வாசித்தல், பிறகு விளையாட்டு, மதியத்துக்குப்பின் புதன்தோறும் ஓடைக்கரையில் பூச்சிகளை இனம்காணுதல், பதினாறு வயது உதவியாளர் அதைக் குறிப்பேட்டில் பதிதல் என்று எழுதிவிட்டால் மூன்று கொடையாளரும் தாங்கள் தேடுவதை அதே பத்தியில் கண்டுகொள்வார்கள்.

விளைவுகளைப் பற்றிய வாக்குறுதி அளவாக இருப்பது நல்லது. ஆறு வாரத்தில் வாசிப்பு ஒரு வகுப்பு உயர்ந்துவிடும் என்று எழுதுவதைவிட, முக்கால்வாசிப் பிள்ளைகள் இருபது நாளாவது வருவார்கள், ஒவ்வொருவரும் ஆறு புத்தகம் முடிப்பார்கள், நீந்தத் தெரியாதவர்கள் மிதக்கக் கற்றுக்கொள்வார்கள் என்பவை அளந்து காட்டக்கூடியவை. அளக்க முடிந்ததை மட்டும் வாக்களித்தவருக்கு இலையுதிர் காலத்தில் அறிக்கை எழுதுவது எளிது.

ஒப்பந்தமும் அறிக்கையும்

மானியம் கிடைத்ததாகக் கடிதம் வந்தபின் ஒப்பந்தம் கையெழுத்தாகும். எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதற்கே செலவிட வேண்டும். மாற்றம் தேவைப்பட்டால் முன்னதாக அனுமதி கேட்க வேண்டும். பேருந்துக்கு ஒதுக்கியதைச் சம்பளத்துக்குத் திருப்ப நேர்ந்தால் ஒரு மின்னஞ்சல் போதும். பெரும்பாலான கொடையாளர்கள் மறுப்பதில்லை. சொல்லாமல் செய்வதுதான் அடுத்த ஆண்டு வாசலை அடைக்கும். கோடை முடிந்தபின் இறுதி அறிக்கையில் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், சராசரி வருகை என்ன, பணம் எப்படிச் செலவானது, எது நடக்கவில்லை, ஏன் என்ற கேள்விகள் இருக்கும். நடக்காததை நேர்மையாக எழுதிய அமைப்புகள் அதனால் கெட்டுப்போவதில்லை. ரசீதுகளை அந்தந்த வாரமே கோப்பில் போட்டுவைத்த அமைப்புக்கு இந்த அறிக்கை ஒரு மாலை வேலை. அட்டைப்பெட்டியில் குவித்துவைத்த அமைப்புக்கு ஒரு மாத வேலை.

நேரம்தான் இந்த ஏற்பாட்டின் கடினமான பகுதி. பனி பெய்யும் மாதங்களில் கோடையைக் கற்பனை செய்து எழுத வேண்டும். ஜூன் மாதத்தில் தொடங்கும் முகாமுக்கு நல்ல கல்லூரி மாணவர்களை வழிகாட்டிகளாகப் பிடிக்க மார்ச் மாதத்திலேயே வேலை உறுதி சொல்ல வேண்டும். கொடையாளரின் பதிலோ ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ வரும். கையிருப்பு உள்ள பெரிய அமைப்பு துணிந்து ஆள் எடுத்துவிடும். சிறிய சங்கம் காத்திருந்து, எஞ்சியவர்களை எடுக்க வேண்டியிருக்கும். கூட்டு நிதி விண்ணப்பச் சுமையைக் குறைத்தது. இந்தக் காத்திருப்பின் சுமையை அது இன்னும் பெரிதாகக் குறைக்கவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. ஐந்து கதவுகளை ஒரே கதவாக்கும்போது, அந்த ஒன்று அடைபட்டால் ஐந்தும் ஒரே நாளில் அடைபட்டுவிடும். தனித்தனியாகக் கேட்டிருந்தால் ஒருவராவது சம்மதித்திருக்கக்கூடும். அதனால் கூட்டு நிதி நடத்துபவர்களுக்கு ஒரு கூடுதல் கடமை இருக்கிறது: மறுக்கப்பட்ட அமைப்புக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும், புதிதாக வருபவர்களுக்குக் குளிர்காலத்தில் விளக்கக் கூட்டம் நடத்த வேண்டும், பழகிய பெயர்களுக்கே ஆண்டுதோறும் போய்ச்சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் இப்போது முன்னைவிட முக்கியமாகிவிட்டன. கொரோனா பெருந்தொற்றின்போது 2021இல் அமெரிக்க நாடாளுமன்றம் பள்ளிகளுக்கு 122 பில்லியன் டாலர் ஒதுக்கியபோது, மாநிலங்கள் அதில் குறைந்தது ஒரு சதவீதத்தைக் கோடைகால நிகழ்ச்சிகளுக்கு வைக்க வேண்டும் என்று விதித்தது. அந்தப் பணத்தால் பல ஊர்களில் புதிய முகாம்கள் முளைத்தன. அதை ஒதுக்கீடு செய்வதற்கான கெடு 2024 செப்டம்பர் 30 அன்று முடிந்தது. அந்த முகாம்களை நடத்தியவர்கள் இனி ஊர்க் கொடையாளர்களின் வாசலில்தான் வரிசையில் நிற்க வேண்டும். வரிசை நீளமாகும்போது தயாராக வந்தவருக்கே இடம் கிடைக்கும். முதல்முறை விண்ணப்பிக்க நினைக்கும் சங்கங்கள் படிவம் வெளியாகும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். சென்ற கோடையின் வருகைப் பதிவேட்டை எடுத்து நாள்வாரியாகக் கூட்டிப் பாருங்கள். வரித்துறைப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று சரிபாருங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு என்ன செலவு என்று கணக்கிடுங்கள்.